எனக்கு உரிமையில்லாத முடி

கதிரேசனுக்கு அம்மா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, பார்ப்போம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அம்மா வழக்கம்போல யோசித்துச் சொல்வாள் என்று நினைத்திருப்பாய். யோசிக்க எதுவும் இல்லை. நேரில் பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம் நான் பேசிய வார்த்தைகளை உன் அப்பா இன்றும் விரல்விட்டு எண்ணிக் கேலி செய்கிறார். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமையாகப் படி.

நீ கேட்டது நியாயமான விஷயம்தான். ஏழாம் மாதத்தில் பிறந்து பேரன் அமர் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, பிள்ளை பிழைத்தால் முதல் முடி செந்தூர் முருகனுக்கு என்று வேண்டிக்கொண்டவள் நான். அதை உன்னிடம் சொன்னவளும் நான். அடுத்த மாதம் அவனுக்கு ஒரு வயது முடிகிறது. நேர்ந்துகொண்டதைச் செய்துவிட வேண்டும் என்று நீ நினைக்கிறாய். பெற்றவள் ஜஸ்ப்ரீத் தயங்குகிறாள். பாதி சம்மதித்துவிட்டாள், மீதிக்கு நான் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றாய். "நீ சொன்னா கேப்பாம்மா. முடிதானே, வளந்துரும்" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். இதே வார்த்தையை நானும் ஒருவரிடம் சொன்னேன். நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால். உன் அப்பாவுக்குக்கூட அதில் பாதிதான் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. நம் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். உன் தாத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, பசுவந்தனையில் ஆறு ஏக்கர் கரிசல் இருந்தது. பெய்தால் பருத்தியும் கம்பும், பெய்யாவிட்டால் வெடிப்பு. அந்த வருஷங்களில் வெடிப்புதான் அதிகம் விளைந்தது. பி.ஏ. வரலாறு முடித்தும் வேலை கிடைக்காமல், கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் சீட்டு எழுதப் போனேன். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். தீப்பெட்டி பண்டல்கள் அங்கிருந்துதான் டெல்லிக்கும் கான்பூருக்கும் ஏறும். நான் மேசைக்குப் பின்னால் தலை குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன். யார் வந்தாலும் நிமிர மாட்டேன். ஆனால் யார் எந்தச் செருப்புப் போட்டு வருகிறார்கள், யாருக்கு எந்தக் காலில் வலி என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

அங்கே ஐம்பது வயதில் ஒரு சர்தார்ஜி டிரைவர் வருவார். ஜோகிந்தர் சிங். மாதம் ஒரு நடை. டெல்லியின் ஓரத்தில் ஒரு காலனியில் அவருக்கு வீடு, மனைவி, ஒரே மகன். பன்னிரண்டு வருஷமாக இந்தத் தடத்தில் ஓடியதால் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசுவார். தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் அவர் லாரிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள். காரணம், அவர்கள் மதத்தில் புகையிலை ஆகாது. "சிங்கு ஏத்துனா தீப்பெட்டிக்கு இன்சூரன்சே வேண்டாம்டே. பீடி குடிக்காத டிரைவர் இந்தியாவுலயே இவிய ஆளுக மட்டும்தான்" என்று அண்ணாச்சி சொல்லுவார். சிங் அதைக் கேட்டு மீசைக்குள் சிரிப்பார்.

லோடு ஏறும் வரை அவருக்கு வேலை இல்லை. என் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என்னைப் பேட்டி என்று கூப்பிடுவார், அவர்கள் பாஷையில் மகள் என்று அர்த்தம். தன் மகனும் பி.ஏ. படிக்கிறான், தங்கள் வீட்டில் அவன்தான் முதல் ஆள் என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு அவரிடம் கூச்சம் கொஞ்சம் குறைந்தது. என் வரலாற்றுப் புத்தகத்தில் சீக்கியர் என்பது இரண்டு மார்க் கேள்வி. குருக்கள் பத்துப் பேர், முதல்வர் நானக், கடைசி குரு கால்சா என்ற சீக்கிய அணியைத் தொடங்கினார், முடிந்தது. அவர் சொன்னபோதுதான் அது மனிதர்கள் வாழ்ந்த கதையாக எனக்குத் தெரிந்தது. ஐந்தாவது குருவையும் ஒன்பதாவது குருவையும் அரசர்கள் கொன்றார்கள். ஒன்பதாவது குரு உயிரைக் கொடுத்தது தன் மதத்துக்காக அல்ல, அடுத்த மதத்தார் தங்கள் சாமியைத் தங்கள் வழியில் கும்பிடும் உரிமைக்காக. பத்தாவது குரு, இனி மனிதரில் குரு இல்லை, இந்த வேதப் புத்தகமே குரு என்று சொல்லிவிட்டார். "நம்ம சாமிக்கு படம் இல்லே பேட்டி. ஒண்ணுதான். எல்லா இடமும்" என்று சொல்லி, கையை வட்டமாகச் சுற்றி ஆபீஸ், லாரி, தெருவில் நின்ற மாடு வரை காட்டுவார். காலையில் சூரியன் வருமுன் குளித்து, சின்னப் புத்தகம் ஒன்றை வைத்துப் படிப்பார். உழைத்துச் சாப்பிடு, பகிர்ந்து சாப்பிடு, அவன் பேரை மறக்காதே, இந்த மூன்றும் போதும் என்பார். உடம்பை விட்டுப் பிரியாத ஐந்து பொருள்களை ஒருநாள் சொன்னார். வெட்டாத முடி, மரச் சீப்பு, இரும்பு வளையம், சின்னக் கத்தி. நாலோடு நிறுத்தி, "அஞ்சாவது உங்க அப்பாகிட்ட சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டார். அது முழங்கால் வரை தைத்த உள்ளாடை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று. குரு நானக் கங்கைக் கரைக்குப் போகிறார். அங்கே எல்லோரும் கிழக்கே பார்த்துத் தண்ணீரை அள்ளி எறிகிறார்கள், மேலே இருக்கும் முன்னோருக்குப் போய்ச் சேரும் என்று. அவர் திரும்பி மேற்கே பார்த்து எறிகிறார். என்ன செய்கிறீர் என்று கேட்டதற்கு, என் வயல் அந்தப் பக்கம் இருக்கிறது, பாய்ச்சுகிறேன் என்கிறார். அவ்வளவு தூரம் எப்படிப் போகும் என்று சிரிக்கிறார்கள். உங்கள் தண்ணீர் மேலுலகம் வரை போகும்போது என்னுடையது பஞ்சாப் வரை போகாதா என்று கேட்கிறார். வானம் பார்த்த கரிசலில் பிறந்தவளுக்கு இந்தக் கதை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். பஸ்ஸில் ஊர் போகும் வழியெல்லாம் நானும் மனதுக்குள் எங்கள் நிலத்துப் பக்கம் தண்ணீர் எறிந்துகொண்டே போனேன்.

நான் சொல்ல வந்தது நடந்ததற்கு முந்தின வருஷம் கார்த்திகைப் பௌர்ணமி அன்று, அவர்கள் குரு பிறந்த நாள், அவர் லோடுக்காகக் காத்திருந்தார். குடோனில் ஸ்டவ் பற்ற வைக்க அண்ணாச்சி விடவில்லை. பின்னால் வெட்டவெளியில் அடுப்பு மூட்டி, கோதுமை மாவை நெய்யில் வறுத்துச் சர்க்கரை போட்டு அல்வா போலக் கிண்டினார். சப்பாத்தியும் பருப்பும் செய்தார். தார்ப்பாயை நீளமாக விரித்து எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரச் சொன்னார். முதலாளி, டிரைவர், லோடுமேன் என்று பார்க்காமல் வந்த வரிசையில் உட்கார வேண்டும், ராஜா வந்தாலும் அவர்கள் கோயிலில் அப்படித்தானாம். எதிர் டீக்கடையில் லோடுமேன்களுக்குத் தனி கிளாஸ் இருந்த காலம் அது. "எனக்கு சுகர் இருக்குல்லா சிங்கு" என்று அண்ணாச்சி நழுவிவிட்டார். நான் உட்கார்ந்தேன். ஆனால் பக்கத்தில் ஒரு லோடுமேன் வந்து உட்கார்ந்தபோது என் முழங்கால் தானாக ஒரு சாண் நகர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். பரிமாறிக்கொண்டு வந்த சிங், அந்த ஒரு சாண் இடைவெளியில் குனிந்து நின்று இரண்டு பேருக்கும் சேர்த்து அல்வா வைத்தார். மூன்று வருஷம் வரலாறு படித்தவள் நான்.

பிரதமர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி ரேடியோவில் வந்தபோது சிங்கின் லாரி முழு லோடோடு நம் ஆபீஸ் முன்னால் நின்றது. அவருடன் வரும் இரண்டாவது டிரைவர் பீகார்க்காரர், பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார். சுட்டவர்கள் சீக்கியர்கள் என்று தெரிந்ததும் யாரோ நாலு பேர் லாரிக் கண்ணாடியைக் கல்லால் உடைத்துவிட்டு ஓடினார்கள். நம் ஊரில் அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணாச்சி அவரைக் குடோனுக்குள் வைத்து வெளியே பூட்டுப் போட்டார். அடைமழை. கடைகள் அடைப்பு. செய்தித்தாள் வர ஆரம்பித்ததும் டெல்லியில் நடப்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. வீடு வீடாகப் போய்த் தலைப்பாகையையும் தாடியையும் பார்த்து அடையாளம் கண்டு கொல்கிறார்கள், ரயிலை நிறுத்தி இறக்குகிறார்கள், உயிரோடு கொளுத்துகிறார்கள். நாம் ஏற்றி அனுப்பும் பெட்டிகளில் எத்தனை அதற்குப் பயன்பட்டனவோ என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் காலனியில் போன் இல்லை. தந்திக்குப் பதில் வரவில்லை. ரயிலில் உடனே போகிறேன் என்றார். இந்தத் தலையோடு நாகபுரி தாண்ட மாட்டீர் என்று அண்ணாச்சி சொன்னார். முடியை எடுத்துவிட்டுப் போங்கள் என்று சொன்னபோது அவர் தலைப்பாகையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். இரண்டு நாள் ஆளாளுக்குச் சொன்னார்கள். உன் தாத்தா சூரசம்ஹாரத்துக்குச் செந்தூர் போய் மொட்டை போட்டுச் சந்தனத் தலையோடு வந்திருந்தார். என்னை ஆபீசில் விட வந்தவர் அவரும் உட்கார்ந்து சொன்னார். நம் வீட்டில் முடி என்றால் கொடுப்பதுதானே. காய்ச்சலா, கொடு. பரீட்சையா, கொடு. கொடுத்தால் சாமிக்கும் சந்தோஷம், நமக்கும் பாரம் குறையும். அதை ஒரு மனிதர் உயிரைவிடப் பெரிதாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. மூன்றாம் நாள் அண்ணாச்சி என்னிடம் வந்தார்.

"ஏட்டி, நீ படிச்ச பிள்ளை. ஒன்னத்தான் மவ மாதிரி நெனைக்காரு. ஒரு வார்த்தை சொல்லு, நீ சொன்னா கேப்பாரு."

போனேன். பண்டல்களுக்கு நடுவே சாக்கில் உட்கார்ந்திருந்தார். நான் அதுவரை எந்த ஆண்பிள்ளைக்கு முன்னாலும் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. அன்று பேசினேன்.

"கங்கையில தண்ணி எறிஞ்ச கதையை நீங்கதான சொன்னீங்க. வெளியில செய்யுதது எதுவும் சாமிகிட்டப் போய்ச் சேராதுன்னு ஒங்க குருவே சொல்லியிருக்காருல்லா? அப்ப முடி மட்டும் எப்படிப் போய்ச் சேரும்? முடிதான, வளந்துரும். எங்க அப்பாவைப் பாருங்க, போன வாரம் குடுத்தாவ, இந்தா முளைக்க ஆரம்பிச்சிட்டு. ஒங்க மவனைப் போய்ப் பாக்கணுமா வேண்டாமா?"

அவர் பார்வையைத் தரைக்கு இறக்கி, "சரி பேட்டி. ஆளைக் கூப்பிடு" என்றார்.

அப்போது எனக்குள் வந்தது சந்தோஷம் என்று எழுதவே கை கூசுகிறது. ஆனால் அதுதான் வந்தது. ஆண்கள் இரண்டு நாள் சொல்லி முடியாததை நான் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். படித்த படிப்பு முதல் தடவையாக ஒரு காரியத்துக்கு உதவியது என்று நினைத்தேன்.

கத்தரித்து கிராப் வைத்தால் போதும் என்றுதான் முதலில் பேச்சு. உன் தாத்தாதான் முழு மொட்டை நல்லது என்றார். "தலையில சந்தனமும் இருந்துட்டா, திருப்பதிக்குப் போய்ட்டு வாரவன்னு விட்ருவானுவ. ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்." எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. நாவிதர் வந்து உட்கார்ந்ததும் தண்ணீரைத் தெளித்து, பழக்க தோஷத்தில், எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று கேட்டுவிட்டார். அண்ணாச்சி அவரை அதட்டினார். சிங் தலைப்பாகையை அவரே அவிழ்த்து, சுருக்கம் இல்லாமல் மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். முடி இடுப்பு வரை இருந்தது. பாதி நரை. அது ஒரு ஆணின் தலையிலிருந்து விழுவதை நான் கதவோரம் நின்று பார்த்தேன். தாடியும் போன பிறகு அங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார். தாடை சிறிதாக, வெளுப்பாக, ஒரு குழந்தையின் தாடை போல இருந்தது. உன் தாத்தா தன் தலைக்கென்று கையோடு வைத்திருந்த செந்தூர்ச் சந்தனத்தைக் குழைத்தார். குளிர்ச்சியாக இருக்கும் என்று சொல்லி அந்தத் தலையில் தடவிவிட்டார். ரொம்பப் பிரியமாகத்தான் தடவினார். படமே இல்லாத சாமியைக் கும்பிடுகிறவர், எங்கள் முருகனின் அடியாராகி உட்கார்ந்திருந்தார். நான் ஒத்தாசை செய்கிறேன் என்று விளக்குமாற்றை எடுத்துவந்து முடியைக் கூட்ட ஆரம்பித்தேன். அவர் எழுந்துவந்து என் கையைப் பிடித்தார். முதலும் கடைசியுமாக அப்போதுதான் என்னைத் தொட்டார். விளக்குமாற்றை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, கையாலேயே அள்ளி அள்ளித் தலைப்பாகைத் துணியில் கட்டினார். வேட்டி கட்டிக்கொண்டு சாயங்கால ரயிலில் போனார். கையில் வளையம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

ஒரு வருஷம் கழித்து வந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார், தாடி அரைகுறையாக வளர்ந்திருந்தது. பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே சொன்னார். வடக்கே ஒரு ஸ்டேஷனில் ரயிலை நிறுத்திக் கம்போடு ஏறினார்கள். அவர் பெட்டியிலிருந்து இரண்டு சர்தார்களை இழுத்துப் போனார்கள். அவருடைய சந்தனத் தலையைப் பார்த்து ஒருவன் கும்பிட்டு, பாபா நீங்கள் பயப்படாதீர்கள் என்று ஜன்னலை மூடிவிட்டுப் போனான். அப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்தார். மனைவி பக்கத்து வீட்டில் ஒளிந்து பிழைத்திருந்தாள். மகனைக் கலவரத்தின் முதல் நாளே கொன்றுவிட்டார்கள். அண்டை வீட்டார் ஒளித்துவைக்கத் தயாராக இருந்தார்களாம், முடியை எடுத்தால் போதும் என்றார்களாம். அவன் அம்மாவே கத்தரிக்கோலோடு காலில் விழுந்திருக்கிறாள். அவன் மாட்டேன் என்றிருக்கிறான். அப்பா லாரியிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் அவர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று கேட்டானாம்.

நான் அழுதேனா என்றுகூட நினைவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"உன் மேலே தப்பு இல்லே பேட்டி. எனக்கு பயம் இருந்துச்சு. உன் பேச்சு நல்ல சாக்கு, அவ்வளவுதான்."

அவர்கள் முறையில், இப்படித் தவறியவர் தீட்சை பெற்ற ஐந்து பேர் முன்னால் நின்று ஒத்துக்கொண்டு மறுபடி சேரலாமாம். போனீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அதன்பின் அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். கதிரேசா, நான் பேசியதால் அவர் பிழைத்தார். அது உண்மை. பேசாமல் இருந்திருந்தால் அந்த ரயிலில் மூன்றாவது ஆளாக இறக்கப்பட்டிருப்பார். மறுபடி அந்தக் குடோன் வாசலில் என்னை நிறுத்தினால் என்ன செய்வேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. அதனால் பிழைக்கச் சொன்னது தப்பு என்று நான் எழுத வரவில்லை. நான் செய்த தப்பு வேறு. முடியை எடுத்தால் உயிர் பிழைக்கலாம், எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம் என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்குத் தெரிந்த நஷ்டமாக இருந்திருக்கும், நஷ்டம் என்று தெரிந்தே கொடுத்திருப்பார். நான் அது நஷ்டமே இல்லை என்று சாதித்தேன். அவர் பிரியமாகச் சொன்ன கதையை எடுத்து அவரையே மூலையில் ஒடுக்கினேன். அவர்கள் குரு அந்தக் கேள்வியைக் கேட்டது பயந்த மனிதர்களை நிமிர்த்துவதற்காக. நான் அதை வைத்துப் பயந்திருந்த ஒருவரைக் குனிய வைத்தேன். அதில் ஜெயித்தேன் என்று சந்தோஷமும் பட்டேன்.

லூதியானாவில் உன் கல்யாணத்தின்போது, நீயும் ஜஸ்ப்ரீத்தும் அந்தப் புத்தகத்தை நாலு தடவை வலம் வந்து முடிந்ததும் எல்லோரும் எழுந்து கைகூப்பி நீளமாக ஒரு பிரார்த்தனை சொன்னார்கள். நடுநடுவே கூட்டம் முழுவதும் ஒரே குரலில் வாஹேகுரு என்று அவர்கள் சாமி பேரைச் சொன்னது. மறுநாள் ஜஸ்ப்ரீத்திடம் அந்தப் பிரார்த்தனைக்கு அர்த்தம் கேட்டேன். தினமும் சொல்லும் பிரார்த்தனைதான், நம்பிக்கைக்காக உயிர் விட்டவர்களை அதில் நினைத்துக்கொள்வோம் என்றாள். முடியைத் தர மறுத்ததற்காகத் தலைத் தோலையே உரித்துக் கொல்லப்பட்டவரை, கடைசி மூச்சு வரை முடியோடு இருந்தவர்களை. தெரிந்த பெயர்களையும், பெயர் தெரியாதவர்களையும். முடியில் அப்படி என்னம்மா இருக்கிறது என்று கேட்டேன். அவள் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த தமிழில், "இது கொடுக்கிறது இல்ல அத்தை. கடவுள் கொடுத்ததை அப்படியே வெச்சிருக்கிறது" என்றாள். முப்பது வருஷம் கழித்து எனக்கு அன்றுதான் விளங்கியது. நம் வீட்டில் கொடுப்பது பக்தி. அவர்கள் வீட்டில் காப்பாற்றி வைத்திருப்பது பக்தி. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நான் எடை போட்டிருக்கிறேன்.

அப்படி விளங்கிய பிறகும், அமர் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது என் வாய் பழகிய வழியிலேயே போனது. அது யார் முடி என்று நினைக்கவே இல்லை. இரண்டாம் தடவையாக, எனக்கு உரிமையில்லாத முடியைக் கொடுக்கத் துணிந்தேன். இப்போது நீ என்னைப் பேசச் சொல்கிறாய். நான் பேசினால் ஜஸ்ப்ரீத் சரி என்று சொல்வாள், அதுதான் எனக்குப் பயம். அவள் சம்மதித்த அந்தப் பாதி என்ன என்று எனக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் சொல்லும் சரியை நான் பார்த்திருக்கிறேன். நீ கெட்டிக்காரன், உன் பேச்சுக்கு யாராலும் எதிர்ப்பேச்சு பேச முடியாது. வீட்டுக்குள் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கொண்டுபோகாதே.

முருகனுக்குச் சொன்ன வாக்கு என்ன ஆவது என்று நீ கேட்பாய். செவ்வாய்க்கிழமை நானும் உன் அப்பாவும் செந்தூர் போனோம். பேரனுக்கு நேர்ந்ததை நான் கொடுக்கலாமா என்று முடியெடுக்கும் இடத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "முருகனுக்கு முடிதான வேணும், யாரு முடின்னா பாக்காரு? உக்காருங்கம்மா" என்றார் அங்கிருந்தவர். உட்கார்ந்தேன். உன் அப்பா கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். முடிந்ததும் வந்து பார்த்து, என் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுவிட்டார். வேண்டுதல் தீர்ந்தது. இனி அந்தப் பிள்ளை யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. வளர்ந்த பிறகு அவனாக என்ன செய்கிறானோ செய்யட்டும்.

சொந்தக்காரர்கள் கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ ஜஸ்ப்ரீத்திடம் போய், அவள் சொன்ன அந்தப் பாதிச் சரியை நீ எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல். ஏன் என்று கேட்டால் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. புரியாத இடத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடு. பிறகு, அடுத்த தடவை அவள் அந்தப் பிரார்த்தனையில் நிற்கும்போது, டெல்லியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்த ஒரு பையனையும் நினைத்துக்கொள்ளச் சொல். பெயர் தெரியாதவர்கள் வரிசையில்தான் சேர்க்க வேண்டியிருக்கும். அவன் அப்பா என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அத்தனை நாள் அவனைப் பற்றிப் பேசியும், நான் அவன் பெயரைக் கேட்டதே இல்லை.

அம்மா